மனேஜரைத் துரத்தினால் கூடம் நேராகுமா?

மதிப்புக்குரிய பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்திருக்கும் உதவிப் பணிப்பாளர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கோயில் பரிபாலன சபைத் தலைவர் ஐயா அவர்களே, கிராம அலுவலர்களே, பிந்தினாலும் வந்து சேர்ந்துவிட்ட சிறப்பு விருந்தினர் அவர்களே (பாதை அப்படி, அவரைக் குறை சொல்ல முடியாது), கழகத்துத் தம்பி தங்கைகளே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இந்த வெக்கையில் அதைக் கழற்றி வைக்கிறேன், கழகத் தலைவர் கோவிக்கக்கூடாது.

மூன்று விஷயம் பேச எண்ணம். ரசிகர்களின் கோபம், போனில் நடக்கிற பந்தயச் சூது, நமது பெண் பிள்ளைகளின் அணி. முதலாவதைத் தொடங்குகிறேன்.

2024 ஒக்டோபர் 28. இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகமான மன்செஸ்டர் யுனைட்டெட் தன் மனேஜர், அதாவது தலைமைப் பயிற்றுவிப்பாளர், எரிக் டென் ஹாக்கை நீக்கிய நாள். முத்தையன்கட்டுப் பக்கம் காலபோக விதைப்புக்கு உழவு நடக்கிறது. மழை இருட்டிக்கொண்டு வருகிறது, இன்னும் முக்கால் ஏக்கர் கிடக்கிறது. என் மருமகன் வயலின் நடுவில் லான்ட்மாஸ்டரை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தபடி சிலை மாதிரி நிற்கிறான். வரம்பில் நின்ற வயல்காரர் பதறிவிட்டார்.

“என்னடா தம்பி, ஆருக்கும் ஏதுமோ?”

“மனேஜரைத் தூக்கிப்போட்டாங்கள் அண்ணை.”

“ஆரை, சங்கக்கடை மனேஜரையோ? அவன்ரை நிறுவையில பிழை எண்டு நான் அப்பவே சொன்னனான்!”

“இல்லை அண்ணை, டென் ஹாக்.”

“அவர் எவடத்துப் பெடியன்?”

அதற்குள் வயல்காரரின் மகன் ஓடி வந்துவிட்டான். அவன் போட்டிக் கழகமான ஆர்சனலின் ரசிகன். வந்ததும் ஒரு சிரிப்பு. பிறகென்ன, முழங்கால் சேற்றில் நின்று இரண்டு பேரும் வழக்காடுகிறார்கள். “இரண்டு வருசத்தில இரண்டு கப் எடுத்துத் தந்த மனுசன்ரா” என்கிறான் ஒருவன். “லீக்கில பதினாலாம் இடமடா” என்கிறான் மற்றவன். வயல்காரர் குடையை விரித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“சரி, நேற்று விளையாடினது மனேஜரோ, பெடியளோ?”

“பெடியள்தான்.”

“கோல் அடிக்காமல் விட்டது?”

“அதுவும் பெடியள்தான்.”

“அப்ப ஏன்ரா அந்தாளைத் தூக்கினவங்கள்?”

பதில் வரவில்லை, மழைதான் வந்தது. மிச்ச உழவு அடுத்த கிழமைக்குப் போனது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முதல்நாள் வெஸ்ட் ஹாமுடன் நடந்த ஆட்டத்தில் கோல்காப்பாளர் இல்லாத வெறும் கோலை யுனைட்டெட் வீரர் டியோகோ டலோட் தவறவிட்டதைப் பார்த்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். 2க்கு 1 என்று தோற்றார்கள். வீட்டுக்குப் போனது மனேஜர்.

லெஸ்டர் சிட்டி கழகத்தில் இதைவிடக் கொடுமை. 2016இல் உலகமே வாய்பிளக்க லீக் கிண்ணத்தை வென்று கொடுத்த மனேஜர் கிளாடியோ ரனியேரியை 2017 பெப்ரவரியில் அனுப்பினார்கள். லீக்கில் தொடர்ந்து ஐந்து தோல்வி கண்ட அதே வீரர்கள் அடுத்த ஆட்டத்தில் லிவர்பூலை 3க்கு 1 என்று அடித்தார்கள். கோணலாயிருந்த கூடம் ஒரு கிழமைக்குள் எப்படி நேரானது? அழுவதா சிரிப்பதா என்று ரசிகனுக்கே தெரியவில்லை.

பொறுத்த கதையும் உண்டு. 1986இல் மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு மனேஜராக வந்த அலெக்ஸ் ஃபெர்கசனைப் போகச் சொல்லி 1989இல் ரசிகர் பதாகை பிடித்தார்கள். நிர்வாகம் அசையவில்லை. 1990இல் முதற் கிண்ணம் வந்தது. 2013இல் அவராக ஓய்வுபெறும்போது லீக் கிண்ணம் மட்டும் பதின்மூன்று. முள்ளியவளையில் கோவலன் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரை, ஒரு பெடியன் தாளம் தப்பினான் என்று யாராவது களரியை விட்டுத் துரத்துவார்களா?

சரி, இங்கிலாந்தில் துரத்தவாவது ஒரு ஆள் இருக்கிறார், சம்பளமும் இருக்கிறது. நமது கழகத்துப் பயிற்றுவிப்பாளர் பகலில் மேசன் வேலை. ஐந்து மணிக்குச் சீமெந்துக் கையோடு மோட்டார் சைக்கிளில் வருகிறார். பெற்றோல் அவர் காசு, விசிலும் அவர் காசு. போன வருடம் அரையிறுதியில் தோற்றபோது அவரையும் மாற்றச் சொன்னீர்களே தம்பிமாரே! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டென் ஹாக்கின் சம்பளம் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற நீங்கள், இவருக்குப் பெற்றோலுக்கு என்ன செலவாகிறது என்று கேட்டதுண்டா? புலம்பெயர்ந்த உறவுகள் ஜேர்சி அனுப்புகிறார்கள், கோடி நன்றி. இருபது ஜேர்சியின் காசில் இந்த மனிதருக்கு ஒரு பயிற்சி நெறிக்குப் போய்வர வழிச்செலவு கொடுத்திருக்கலாம்.

தவிசாளர் அவர்களே, அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் உங்கள் பிரதேசத்துக் கிராமப் பயிற்றுவிப்பாளர்களுக்கு ஒரு மாதாந்தப் படி ஒதுக்கவேண்டும். சிறு தொகை போதும், ஆனால் மாதம் தவறக்கூடாது. பயிற்சி நெறிக்குப் போனால் அந்த நாட்கூலியையும் சபை பார்த்துக்கொள்ளவேண்டும்.

நேரம் முடிந்தது என்று செயலாளர் துண்டு தந்திருக்கிறார். சூதைப் பற்றி உதவிப் பணிப்பாளர் பேசுவார் என நினைக்கிறேன். பெண் பிள்ளைகளின் அணிக்கும் இதே மேசன்தான் பழக்குகிறார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோரிக்கைக் கடிதம் வாசலில் மேசையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் வழியில் எல்லோரும் கையெழுத்து வையுங்கள். ஆர்சனல்காரரும்தான்.