18 சிங்கப்பூர் வெள்ளி சிவப்புக் கண்ணாடி, புரொஜெக்டர்ல நிஜக் கறுப்பு

வணக்கம் மக்களே. ரூம்ல லைட் எல்லாத்தையும் அணைச்சிட்டேன், மூஞ்சி தெரியாது, பரவாயில்ல. இன்னைக்குப் பார்க்க வேண்டியது பின்னாடி இருக்கிற திரையைத்தான்.

புரொஜெக்டர் பெட்டியில கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளை கறுப்பை விட எத்தனை மடங்கு வெளிச்சம்ங்கிறது, "லட்சத்துக்கு ஒண்ணு"ன்னு போட்டிருக்கு, ஆனா ராத்திரிக் காட்சி சாம்பலாத் தெரியுதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. அந்த லட்சக் கணக்கைப் பார்த்தாலே எனக்கு எரியும். முழு வெள்ளையை ஒரு தடவை அளக்குறது, அப்புறம் ஆட்டோ ஐரிஸை (காட்சிக்குத் தகுந்த மாதிரி தானா வெளிச்சத்தைக் குறைக்கிற துவாரம்) மூடிட்டு முழுக் கறுப்பை அளக்குறது. ஒரே காட்சியில தெருவிளக்கும் இருட்டும் சேர்ந்து வந்தா ஐரிஸ் என்ன பண்ணும்?

இதோ என் கையில இருக்கே, சிசி30ஆர். தண்ணிக்கு அடியில படம் எடுக்கிறவங்க மாட்டுற வெளிர் சிவப்பு ஃபில்டர். பச்சையையும் நீலத்தையும் ஏறக்குறைய பாதியாக் குறைக்கும், சிவப்பை விட்டுடும். லேம்ப் வச்ச எல்சிடி புரொஜெக்டர்ல சிவப்புதான் எப்பவும் பஞ்சம். வெள்ளை சரியா வரணும்னா மெனுவுல பச்சையையும் நீலத்தையும் இறக்கணும். இறக்கினா வெள்ளை மங்கும். ஆனா கறுப்புல பேனல் வழியாக் கசியுற வெளிச்சம் அப்படியேதான் இருக்கும். பேனலுக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கிற போலரைசர், அதாவது ஒரு திசையில அதிர்ற ஒளியை மட்டும் விடுற படலம், ரெண்டும் குறுக்க நின்னாலும், சாய்வா வர்ற கதிரை லிக்விட் கிரிஸ்டல் முழுசா அடைக்காது. கண்ணாடியை லென்ஸுக்கு முன்னாடி வச்சா அந்தக் கசிவும் சேர்ந்து ஏறக்குறைய பாதியாகும்.

ஒரு கணக்குக்கு: வெள்ளை 270 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு), கறுப்பு 0.5ன்னா 540க்கு 1. ஃபில்டரை மாட்டிட்டு, மெனுவுல இறக்கின பச்சையையும் நீலத்தையும் திரும்ப ஏத்தினா வெள்ளை ஏறக்குறைய அதே 270, கறுப்பு 0.27. ஆயிரத்துக்கு 1 வந்துடுச்சுல்ல!

கண்ணாடி 18 வெள்ளி, சரி. அதைப் பிடிக்கிற ஸ்டெப்-அப் ரிங் 9 வெள்ளி 50 காசு! வெறும் அலுமினிய வளையம்லா. அந்தக் காசுக்குக் கோப்பிக்கடையில பிரியாணியும் ஒரு தே தாரிக்கும் வந்திருக்கும். இதுல கொடுமை, புரொஜெக்டர் லென்ஸ்ல பெரும்பாலும் திருகு மரையே இருக்காது, ரிங்கை எங்க மாட்டுறது? 2 வெள்ளிக் கறுப்பு ஃபோம் அட்டையில வட்டமா வெட்டி வெல்குரோ ஒட்டுங்க, போதும். நேரா வைக்காதீங்க, 5 டிகிரி சாய்ச்சு வைங்க. இல்லன்னா பிரதிபலிப்பு லென்ஸுக்குள்ளயே திரும்பிப் போய் பேய் பிம்பம் வரும். பிரதிபலிப்பைக் குறைக்கிற மல்ட்டி கோட் பூச்சு இல்லாத கண்ணாடி வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு முகத்துலயும் 4 சதவீத வெளிச்சம் திரும்பும். ஜெலட்டின் தாளும் வேண்டாம், சூட்டுல சுருங்கிடும்.

மாட்டினதும் மெனுவுல சிவப்பு கெயினை (சிவப்போட அளவு) தொடாம, பச்சையையும் நீலத்தையும் ஏத்துங்க, சாம்பல் நிறம் சாம்பலாத் தெரியுற வரைக்கும். ரொம்ப ஏத்தினா, சோதனைப் படத்துல வெள்ளைக்குப் பக்கத்துல இருக்கிற வெளிர் பட்டையெல்லாம் ஒண்ணாக் கலந்துடும். அப்ப மெனுவுல இருக்கிற கான்ட்ராஸ்ட்டை ரெண்டு புள்ளி இறக்குங்க.

அட, முக்கியமானதை விட்டுட்டேன். அளக்கிறதுக்கு முன்னாடி ஆட்டோ ஐரிஸை ஆஃப் பண்ணுங்க, லேம்ப் அரை மணி நேரம் எரியட்டும். லக்ஸ் மீட்டரைத் திரையில வைக்காம, லென்ஸைப் பார்த்து ஒரு மீட்டர் தூரத்துல வைங்க. மலிவு மீட்டர் 0.1க்குக் கீழ காட்டாது, கிட்ட வச்சாத்தான் கறுப்புக்கு ஒரு எண் கிடைக்கும்.

கறுப்புத் திரையில ஒரு மூலை மட்டும் நீலமா, அதே இடம் வெள்ளையில மஞ்சளாத் தெரியுதா? நீல நிறத்துக்கான பேனலோட போலரைசர் சூட்டுல வெந்துடுச்சு. இந்தக் கண்ணாடியால அதைச் சரி பண்ண முடியாது, படலத்தை மாத்தணும். அந்தப் படலத்தை ஆல்கஹால் போட்டுத் துடைக்காதீங்க, கோட்டிங்கே உரிஞ்சு வந்துடலாம். எல்இடி மாடல் வச்சிருக்கவங்களுக்கும் பெரிய லாபம் இல்ல, 18 வெள்ளியை மிச்சம் பண்ணுங்க.

அப்புறம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வெள்ளை சீலிங்! திரைக்கு மேல ஒரு மீட்டருக்குக் கறுப்புத் துணி அடிங்க. இப்ப கதவடியைப் பாருங்க, காரிடார் லைட் ஒரு கோடா உள்ள வருது. நாம இறக்கின 0.27ஐ அந்தக் கோடு ஒண்ணே தின்னுடும். ஒரு பழைய துண்டைச் சுருட்டி… இதோ, அடைச்சாச்சு. திரையைப் பாருங்க இப்ப.