ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட்

வணக்கம் நேயர்களே. நியூயார்க்கில் சைனா டவுன் எது என்று கேட்டால் மன்ஹாட்டன் பக்கம்தான் கை காட்டுவார்கள். நான் பேச வந்தது அதே நகரத்தின் இன்னொரு பகுதியான குயின்ஸில் இருக்கிற ஃப்ளஷிங் பற்றி. ஏழாம் எண் ரயிலின் கடைசி நிறுத்தம். படியேறி மேலே வந்தால் மெயின் ஸ்ட்ரீட். மாலை நேரத்தில் அந்த நடைபாதையில் நாம் நடப்பதில்லை, கூட்டம்தான் நம்மை நகர்த்திக்கொண்டு போகிறது.

வெளியாளுக்கு அங்கே இருப்பவர்கள் எல்லாரும் சீனர்கள். கொஞ்ச நாள் பழகினால் இந்த நினைப்பு உதிர்ந்துவிடும். மன்ஹாட்டனில் வெகுகாலம் தென்சீன மொழியான கேண்டனீஸ் பேசுகிறவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. ஆசியர்களுக்கு அமெரிக்கா கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் வந்த தைவான்காரர்களில் பலர், சீனத்தின் பொதுமொழியான மாண்டரின் பேசுகிறவர்கள். அங்கே அவ்வளவாக ஒட்டாமல், 1970களில் ஃப்ளஷிங்கில் குடியேறினார்கள். பிறகு ஃபூஜியன், வென்ஜோ, வடகிழக்குச் சீனா என்று பல ஊர்க்காரர்கள். தைவான்காரர் எழுதுவது கோடுகள் மிகுந்த பழைய எழுத்து. பெருநிலத்துச் சீனாவில் பள்ளிக்குப் போனவர் படித்தது சுருக்கிய எழுத்து. பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே ஆங்கிலமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சாப்பாட்டில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். சீனர் என்றால் சோறு என்று நாம் நினைக்கிறோம். வடக்கே கோதுமைதான். மெயின் ஸ்ட்ரீட்டின் கோல்டன் ஷாப்பிங் மால் கீழ்த்தளத்தில், 2019இல் புதுப்பிக்க மூடும்வரை, நின்றால் முழங்கை இடிக்கிற சின்னச் சின்னக் கடைகள் இருந்தன. கையால் இழுத்த தடித்த நூடுல்ஸ், சீரகமும் மிளகாயும் போட்டு வதக்கிய ஆட்டுக்கறி. இது மேற்கே உள்ள சியான் நகரத்துச் சுவை. அந்தக் கீழ்த்தளத்தில் தொடங்கிய ஒரு கடைதான் பிறகு நகரமெங்கும் கிளை விட்ட சியான் ஃபேமஸ் ஃபுட்ஸ். என்னைக் கேட்டால், சீரக வாசனையில் நம் நாக்கு அங்கே சீக்கிரம் சமாதானமாகிவிடும்.

சரி, நம்மவர்கள்? மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், பௌன் தெருவில், 1977இல் குடமுழுக்கு நடந்த மகா வல்லப கணபதி கோயில். கீழே கேன்டீனில் தோசை கிடைக்கும், பிற நாட்டவரும் வரிசையில் நிற்பார்கள். தெருவின் பெயருக்குரிய ஜான் பௌன், குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரைத் தன் வீட்டில் கூடி வழிபட விட்டதற்காக, 1662இல் அப்போது அந்தப் பகுதியை ஆண்ட டச்சு ஆளுநரால் கைது செய்யப்பட்டவர். அவர் வீடு இன்னும் அதே தெருவில் நிற்கிறது.

இப்போது அங்கே கண்ணாடிக் கோபுரங்கள் எழும்புகின்றன, வாடகையும் கூடவே ஏறுகிறது. சின்னக் கடைக்காரர்களுக்கு அதுதான் பேச்சு, அதுதான் கவலை. நீங்கள் போவதாக இருந்தால் வார நாள் காலையில் போங்கள். மாலையில் வேலை முடிந்து பையோடு வீட்டுக்கு ஓடுகிறவர்கள் நடுவில் நின்று படம் எடுப்பது எனக்கு அவ்வளவு நாகரிகமாகப் படவில்லை. கையில் கொஞ்சம் சில்லறை நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.