உங்கள் வீட்டில் சமைப்பது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

என் தொழில் கல்யாணச் சமையல். வீடு மேற்கு மாம்பலத்தில். இருபத்திரண்டு வருடமாகச் சென்னை மண்டபங்களில் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறேன். சமையல்காரனை வானொலிக்குக் கூப்பிட்டால் சாம்பார்ப் பொடியைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். இவர்கள் கேட்டது என் வயிற்றைப் பற்றி. எடை குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு நான்கு வருடம் ஆகிறது. செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்களும், செய்துகொண்டு திண்டாடுபவர்களும் எப்படியோ என் நம்பரைப் பிடித்துக் கூப்பிடுகிறார்கள். அவர்களிடம் போனில் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்லப் போகிறேன். நான் மருத்துவன் இல்லை. மருந்து, மாத்திரை, அளவு எல்லாம் உங்கள் மருத்துவர் சொல்வதுதான்.

போனில் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ குறைஞ்சுது?" நான் திருப்பிக் கேட்பது, "உங்க வீட்ல சமைக்கிறது யாரு?" கல்யாண ஆர்டர் பிடிக்கிறேன் என்று நினைத்து போனை வைத்துவிட்டவரும் உண்டு.

கிலோ கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அப்போது நான் 138 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. எனக்கு வந்தது 49. இரண்டு வேளை இன்சுலின். முழங்கால் வலி. அப்புறம் குறட்டை. மண்டபத்தில் சமையல் ஆட்களுக்கு ஒரு அறை ஒதுக்குவார்கள். நான் படுக்கும் அறையில் வேறு யாரும் படுக்க மாட்டார்கள். ஒருநாள் கைவேலைப் பையன் சொன்னான்: "மாஸ்டர், குறட்டை கூடப் பரவாயில்ல. நடுவுல நின்னு போகுது பாருங்க, அதுதான் பயமா இருக்கு." தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் அது. அதற்குப் பரிசோதனை செய்து, முகத்தில் காற்றுக் கருவி மாட்டித் தூங்கிப் பழகிய பிறகுதான் எனக்கு மயக்க மருந்து கொடுக்கவே சம்மதித்தார்கள்.

இந்த எடை எப்படி வந்தது என்று கேட்டால், விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து, சாம்பார், ரசம், வடை, பாயசம், இரண்டு ஸ்வீட் என்று ருசி பார்த்தே ஒரு முழுச் சாப்பாடு உள்ளே போய்விடும். அதை நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததே இல்லை. கடைசிப் பந்தி முடிந்து மூன்று மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுவதுதான் "சாப்பாடு".

அறுவையில் நம் ஊரில் அதிகம் காதில் விழுவது இரண்டு பெயர். ஸ்லீவ் என்பது இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழாய் போல மிச்சம் வைப்பது. வெட்டியது வெட்டியதுதான், திரும்ப ஒட்ட முடியாது. பைபாஸ் என்பது இரைப்பையின் மேல் பகுதியில் சின்னப் பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பது. அந்தப் பை சுமார் 30 மில்லி பிடிக்கும். பந்தியில் ரசம் ஊற்றும் கரண்டியில் பாதிகூட இல்லை. சர்க்கரை நோய் அதிகம் இருந்ததால் எனக்கு பைபாஸ். நெஞ்செரிச்சல் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஸ்லீவுக்குப் பிறகு அது கூடலாம், அதனால் எண்டோஸ்கோப்பி பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஸ்லீவ் செய்தார்கள், எனக்கும் அதையே செய்யுங்கள் என்று போய் நிற்காதீர்கள். இது புடவைக் கடை இல்லை.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. யாருக்குச் செய்யலாம் என்று 1991-ல் அமெரிக்காவில் ஒரு கணக்கு வகுத்தார்கள்: பி.எம்.ஐ. 40, கூடவே பெரிய நோய் இருந்தால் 35. ரொம்ப காலம் அதுதான் அளவுகோல். 2022-ல் மருத்துவச் சங்கங்கள் அதை இறக்கி, நோய் இல்லாவிட்டாலும் 35 போதும் என்றன. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம் என்றன. காரணம், நம் உடம்புக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. ஆனால் நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விதியில் நிற்பது அந்தப் பழைய 40-ம் 35-ம்தான். 35 என்றால் கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதய நோய் என்று ஏதாவது இருக்க வேண்டும். மருத்துவர் "செய்யலாம்" என்பார், கம்பெனி "முடியாது" என்னும். எனக்குத் தெரிந்த ஒருவர் அட்மிட் ஆன அன்றுதான் இதைத் தெரிந்துகொண்டார். பாலிசியில் காத்திருப்புக் காலம் எத்தனை வருடம் என்பதையும் முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

சரி, சமையலறைக்கு வருவோம்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. எங்களுக்கு அது ஓய்வு மாதம். அதனால் ஆடி பிறந்ததும் அறுவை, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வேலைக்குத் திரும்புவது என்று திட்டம் போட்டேன். அறுவைக்கு முன் இரண்டு வாரம் மிகக் குறைந்த உணவில் இருக்கச் சொன்னார்கள். எனக்குக் கோபம். அறுத்துத்தான் குறைக்கப் போகிறார்களே, இப்போதே ஏன் பட்டினி? டாக்டர் விளக்கினார்: என்னைப் போன்றவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு பிடித்துப் பெருத்திருக்கும், அது இரைப்பைக்கு மேலே படுத்திருக்கும். அது கொஞ்சம் சுருங்கினால்தான் கேமராவையும் கருவியையும் உள்ளே நகர்த்த இடம் கிடைக்கும். அண்டாவை நகர்த்தாமல் அதற்குப் பின்னால் இருக்கும் அடுப்பைப் பற்றவைக்க முடியாது இல்லையா, அதுபோல. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அன்று சாயங்காலமே எழுப்பி நடக்க வைத்தார்கள், காலில் ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடாது என்று. வீட்டுக்குப் போன பிறகு நெஞ்சு படபடப்பு அடங்காமல் இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிற்று வலி கூடினாலோ, இது வாயு என்று ஓமத்தண்ணீர் குடிக்காமல் உடனே திரும்பி வரச் சொன்னார்கள். தையல் போட்ட இடத்தில் கசிவு இருந்தால் இப்படித்தான் தெரியுமாம். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. எனக்கு வினை வந்தது அம்மா வழியாக.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. வயிற்றை அறுத்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு என்ன கொடுப்பது? அவருக்குத் தெரிந்தது பிள்ளை பெற்றவளுக்குப் போடும் பத்தியம். பன்னிரண்டாம் நாள், நான் திரவ உணவில் இருக்க வேண்டிய நாள், சுடச்சுடக் குழையப் பிசைந்த சாதத்தில் அங்காயப் பொடியும் நெய்யும் கலந்து கொண்டுவந்து, "ரெண்டே வாய்டா" என்றார். அந்த வாசனைக்கு முன்னால் நான் தோற்றேன். இரண்டாவது வாய் நெஞ்சுக்கூட்டில் நின்றுவிட்டது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. எச்சில் ஊறி ஊறி வருகிறது, முதுகுப் பக்கம் வலி. ஒரு மணி நேரம் கழித்துத்தான் வாந்தியாக வந்தது. அம்மா அழுதார். அம்மா மேல் தப்பே இல்லை. டயட்டீஷியனிடம் போன மூன்று முறையும் நான் தனியாகப் போயிருந்தேன். அட்டவணையை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டில் கரண்டி பிடிப்பவர்கள் இரண்டு பேர், மனைவியும் அம்மாவும். அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அதனால்தான் அந்தக் கேள்வி. அறுவைக்கு முன் டயட்டீஷியனிடம் போகும்போது உங்கள் வீட்டில் சமைப்பவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பரிமாறுபவர் வேறு ஆள் என்றால் அவரையும். அவர்கள் முன்னால் அட்டவணையைப் படிக்கச் சொல்லுங்கள்: முதல் இரண்டு வாரம் மோர், பருப்புத் தண்ணீர், ரசத் தெளிவு, அடுத்து மைய அரைத்தது, பிறகு குழைந்தது, இரண்டு மாதத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் சாப்பிடுவது. மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்கு சற்று மாறும். "கொஞ்சம்" என்ற வார்த்தைக்கு எங்கள் அம்மா அகராதியில் இருந்த அர்த்தம் வேறு. அடுத்த முறை கூடவே வந்தபோது டயட்டீஷியன் 30 மில்லி மருந்துக் கோப்பையை எடுத்து மேஜையில் வைத்து, "இவ்வளவுதான்மா அவர் வயிறு" என்றார். அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு "இன்னும் ஒரு வாய்" என்று அவர் சொன்னதே இல்லை.

நீங்கள் முன்கூட்டியே பழக வேண்டியதும் உண்டு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் இருப்பது, சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடிப்பது, ஒரு வாயைக் கூழாகும் வரை மெல்வது. அறுவைக்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். கல்யாணப் பந்தியில் அடுத்த வரிசைக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும்போது மெல்லச் சாப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

அப்புறம் புரதம். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் என்றார்கள். நான் ஆயிரக்கணக்கான இலை போட்டவன், அன்றுதான் என் இலையை நானே சரியாகப் பார்த்தேன். நடுவில் மலை மாதிரி சோறு. புரதம் என்றால் ஓரத்தில் ஒரு கரண்டி பருப்பு. ஒரு இட்லியில் இரண்டு கிராம் இருந்தால் அதிகம். ஒரு முட்டையில் ஆறு. அதனால் வரிசையைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு முதலில் பருப்பு உசிலி, கூட்டு, கெட்டித் தயிர். சோறு கடைசியில், இடம் இருந்தால். பெரும்பாலும் இருப்பதில்லை. வீட்டில் முட்டை, பனீர், சுண்டல்.

தொழிலில் ருசி பார்ப்பது? மூன்றாம் மாதம், பழைய பழக்கத்தில் மைசூர்பாகு ஒரு வில்லை. கால் மணி நேரத்தில் குப்பென்று வியர்த்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது, வயிற்றைப் பிசைந்தது. ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் சாய்ந்துவிட்டேன். வெளியே நாதஸ்வரம். சர்க்கரை, பழைய இரைப்பையில் தங்கி மெல்ல இறங்காமல் நேராகச் சிறுகுடலில் போய் விழுகிறது. அது சுற்றியிருக்கும் தண்ணீரையெல்லாம் உள்ளே இழுக்கிறது. டம்பிங் என்கிறார்கள். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கமும் வரும். அதிலிருந்து பாகு பதம் விரலில் தொட்டுக் கம்பி இழுத்துப் பார்ப்பதோடு சரி, நாக்கில் வைப்பது என் மகன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நான்காம் மாதம் முடி கொட்டும், பயப்பட வேண்டாம், எனக்கு வருடம் திரும்புவதற்குள் வளர்ந்தது. பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகள் ஆயுசுக்கும். நான் இரும்பு மாத்திரையை டிகிரி காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். காபி அதை உடம்பில் ஏறவிடாது என்று ரத்தப் பரிசோதனையில் குறைந்த பிறகுதான் தெரிந்தது. கால்சியத்தையும் அதையும் சேர்த்துப் போடக் கூடாது, நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். வாந்தி நாள் கணக்கில் நிற்காவிட்டால் பி1 வைட்டமின் தீர்ந்து நரம்பே கெட்டுவிடும், அதை ஒருநாளும் அலட்சியப்படுத்தாதீர்கள். முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்குப் பல வலி மாத்திரைகள் புண் உண்டாக்கும். குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அறுவைக்கு முன்பே டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு போதை சீக்கிரம் ஏறும். சாப்பாட்டில் தேடியதைப் பாட்டிலில் தேடப் போனவரை நான் பார்த்திருக்கிறேன்.

போன தையில் ஒரு அம்மா வீட்டுக்கே வந்தார். மகளுக்கு இருபத்து நான்கு வயது, வைகாசியில் கல்யாணம். "அதுக்குள்ள ஆபரேஷன் பண்ணி இளைச்சிட்டா நல்லது அண்ணா, மாப்பிள்ளை வீட்ல ஒண்ணும் சொல்லல, இருந்தாலும்..." பெண் வாசலில் ஸ்கூட்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டு அவளிடம் கேட்டேன்: "உனக்கு வேணுமாம்மா?" "சர்க்கரை இருக்கு மாமா, பீரியட்ஸ் ஒழுங்கா வர்றதில்ல. வேணும்னுதான் தோணுது. ஆனா இப்ப இல்ல." அந்தப் பெண்ணுக்கு என்னைவிடத் தெளிவு. நின்றுபோன மாதவிடாய் மெலிந்த பிறகு ஒழுங்காகி, எதிர்பாராமல் கரு தங்கிவிடலாம். ஆனால் ஒன்று, ஒன்றரை வருடத்துக்குக் கர்ப்பம் கூடாது என்கிறார்கள், தாய்க்கே சத்து போதாத காலம் அது. புது வீட்டில் மாமியார் ஆசையாக இலையில் எடுத்து வைப்பதை இந்தப் பெண் எப்படி வேண்டாம் என்பாள்? முகூர்த்தப் புகைப்படத்துக்காக இதைச் செய்துகொள்ளாதீர்கள் என்று அந்த அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். கல்யாண ஆர்டரும் வரவில்லை. ஆனால் ஆவணியில் அந்தப் பெண்ணே போன் செய்தாள்: "மாமா, நானும் அவரும் அத்தையும் சேர்ந்து டாக்டரைப் பார்த்துட்டு வந்தோம்." அத்தை என்றது மாமியாரை. அந்த வீட்டில் சமைப்பது அவர்தானாம்.

என் கணக்கைச் சொல்லவில்லையே. மிகக் குறைந்தது 94 கிலோ. இப்போது 99. ஐந்து கிலோ திரும்ப வந்திருக்கிறது. மூன்றாம் வருடம் கைமுறுக்கும் தட்டையும் கொறிக்க ஆரம்பித்தேன். மொறுமொறுவென்று போகும் எதுவும் அந்தச் சின்னப் பையில் தங்காமல் இறங்கிவிடும், வயிறு நிறைந்ததே தெரியாது. இன்சுலின் நின்றது ஆச்சரியம், எடை குறைவதற்கு முன்பே முதல் வாரத்தில் பாதியாகிவிட்டது. குடலில் சுரக்கும் ஹார்மோன்கள் மாறுவதால் என்றார்கள். ஆனால் சர்க்கரை குணமாகிவிட்டது என்று டாக்டர் இன்றுவரை சொல்லவில்லை. அடங்கியிருக்கிறது என்கிறார். 2025-ல் நம் நாட்டுக்கு வந்த, எடை குறைக்கும் மௌஞ்சாரோ, வீகோவி ஊசிகளைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் போட்டுக்கொண்டதில்லை, நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பதை மட்டும் டாக்டரிடம் விவரமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை குரோம்பேட்டையில் ஒரு முகூர்த்தம், அறுநூறு இலை. ராத்திரியே சாமான் இறங்குகிறது, அதனால் நான் கிளம்ப வேண்டும். ஜாங்கிரிப் பாகு மகன் பார்த்துக்கொள்வான். பருப்பு உசிலி என் பொறுப்பு.

வணக்கம்.