ஓர் ஏகாரத்தைக் காப்பாற்றப் போய்

அவையோருக்கு வணக்கம்.

‘வீட்டிலிருந்து வேலை பார்ப்பதே நல்லது.’ இணையத்தில் இப்படி ஒரு வரி எழுதிப் போடுங்கள், ஐந்தாம் நிமிடம் சண்டை தொடங்கிவிடும். மூட்டிவிடுவது கருத்தல்ல, ‘பார்ப்பதே’ என்பதில் ஒட்டியிருக்கும் ஏகாரம். இலக்கணத்தில் அதைப் பிரிநிலை ஏகாரம் என்பார்கள்: ஒன்றைப் பிரித்தெடுத்து மற்றவற்றைத் தள்ளிவிடும். அலுவலகம் போகிறவர் அத்தனை பேரையும் அந்த ஓரெழுத்து எதிரணியில் நிறுத்திவிடுகிறது. அப்புறம் ஒரு மணி நேரம் நீங்கள் காப்பது உங்கள் கருத்தையா? அந்த ஏகாரத்தைத்தான்.

‘தனியாக உட்கார்ந்து முடிக்கிற வேலைக்கு, பயணத்தில் தினம் இரண்டு மணி நேரம் இழப்பவருக்கு, வீடு வசதி’ என்று எழுதிப் பாருங்கள். கருத்து சிறுத்துவிட்டது. ஆனால் உடைப்பது கடினம். உடைந்தாலும் விட்டுக்கொடுப்பது சுலபம். கருத்தைக் காப்பதும் மனத்தைத் திறந்து வைப்பதும் எதிரெதிர் வேலைகள் என்று பலரும் நினைக்கிறார்கள். எல்லை வகுத்துக்கொண்ட கருத்துக்கு இரண்டும் ஒரே வேலை. ‘எல்லாரும்’, ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’, ‘தான்’ ஆகியவற்றையும் அனுப்புவதற்கு முன் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, எழுதியதை இரண்டாகப் பிரியுங்கள். எது தகவல், எது விருப்பம்? ‘வீட்டில் வேலை அதிகம் நடக்கிறது’ என்பது தகவல், சான்று கேட்கலாம். ‘பிள்ளைகளோடு இருக்கும் நேரம் பெரிது’ என்பது விருப்பம்; அதற்குப் புள்ளிவிவரம் கேட்பதும் வீண், கொடுப்பதும் வீண். பாதிச் சண்டைகள் ஒருவர் தகவலைப் பேச, மற்றவர் விருப்பத்துக்குப் பதில் சொல்வதால் வருபவை.

இந்தப் பிரிவினை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆய்வுலகிலேயே ஒரு கதை உண்டு. அரசியல் ஆய்வாளர்கள் பிரெண்டன் நைஹன், ஜேசன் ரைஃப்ளர் இருவரும் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தவறான நம்பிக்கையைத் திருத்தப் போனால் சிலரிடம் அது இன்னும் இறுகிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. இணையமெங்கும் அது பரவியது. ‘சான்று காட்டிப் பயனில்லை’ என்று சொல்ல எல்லாருக்கும் ஒரு சாக்கு கிடைத்தது. பிறகு தாமஸ் உட், ஈதன் போர்ட்டர் இருவரும் 52 விவகாரங்களில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். அந்த இறுக்கம் பொதுவாகத் தென்படவில்லை. 2019-இல் அது அச்சில் வந்தது. முதலிருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? மறுத்தவர்களோடே சேர்ந்து புதிய ஆய்வு செய்தார்கள். 2016 தேர்தல் சமயத்தில் டிரம்ப் சொன்ன தவறான தகவல்களைத் திருத்திக் காட்டியபோது அவருடைய ஆதரவாளர்களும் திருத்தத்தை ஏற்றார்கள். ஆதரவு மட்டும் அசையவில்லை. தகவல் நகர்கிறது, சார்பு நகர்வதில்லை. ஆகவே எதிராளி ஒரு தகவலை ஒப்புக்கொண்டுவிட்டால், ‘அப்போ கட்சி மாறு’ என்று விரட்டாதீர்கள். ஒப்புக்கொண்டதையும் வாபஸ் வாங்கிவிடுவார்.

மறுக்கும் முறைக்கு வருகிறேன். நம் இலக்கண நூலார் எழுவகை மதம், அதாவது ஏழு வகைக் கொள்கை நிலை, என்று வகுத்ததில் மறுத்தல் ஒன்று. ‘பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு’ வேறொன்று. பிறர் கொள்கையை முதலில் ஏற்று நின்று, பிறகு நீக்குவது. இணையத்தில் இதைச் செய்வது எளிது, செய்பவர்தான் குறைவு. எதிராளி சொன்னதை உங்கள் சொற்களில் இரண்டு வரியில் எழுதி, ‘இதைத்தானே சொல்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். ‘ஆம்’ வரும்வரை மறுக்காதீர்கள். பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் முதல் பதில் வரும். அவர் சொல்லாத கருத்தை மறுக்க எழுதவிருந்த நான்கு பத்தி மிச்சம்.

எத்தனை முறை பதில் சொல்லலாம்? மனம் மாறினால் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டு நடந்த இணைய விவாதங்களைக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் அலசினார்கள். சில சுற்றுப் பதில்கள் பயன் தருகின்றன. ஐந்து சுற்றுக்கு மேல் போனால் மனம் மாறும் வாய்ப்பு அநேகமாக இல்லை. இன்னொன்றும் கண்டார்கள்: ‘நான்’ என்று எழுதியவர்கள் மாறினார்கள், ‘நாங்கள்’ என்று எழுதியவர்கள் அவ்வளவாக மாறவில்லை. கூட்டத்தின் பெயரால் பேசுகிறவரால் தனியாகப் பின்வாங்க முடியாது அல்லவா? நான்காம் பதிலில் புதுச் சான்று எதுவும் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். ‘கடைசியாக ஒன்று’ என்று எழுதிவிட்டு மூன்று முறை திரும்பி வருபவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கிண்டல் வேண்டாம் என்பதற்கு நான் நாகரிகத்தைக் காரணம் காட்டப் போவதில்லை. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா, நிஜமா என்பது 78 சதவீதம் சரியாகப் புரியும் என எழுதியவர்கள் நம்பினார்கள். புரிந்தது 56 சதவீதம். நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும்.

மாற வேண்டி வந்தால்? விவாதத்தில் இறங்கும் முன்பே, ‘இன்ன சான்று வந்தால் மாறுவேன்’ என்று தனியே ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதுவுமே தோன்றவில்லை என்றால் அது விருப்பம். விருப்பம் என்றே அறிவித்துவிடலாம். அந்தச் சான்று வந்துவிட்டால் பழைய பதிவை அழிக்காதீர்கள். அழித்தால் அதன் ஸ்க்ரீன்ஷாட்தான் சுற்றும். பதிவின் முதல் வரியாக, எந்தத் தேதியில், எந்தச் சான்றைப் பார்த்து, எந்தப் பகுதியை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். மாறாத பகுதி எது என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். முழுவதும் தோற்றுவிட்டதாக எதிரணி அறிவிக்கும் முன்பே அது அங்கே இருக்கட்டும்.