வயதான நாய் திடீரென்று வெடிச் சத்தத்துக்குப் பயப்படுவது ஏன்?

அடுத்த கேள்வி சேலம் கோரிமேட்டிலிருந்து ஓர் அம்மா அனுப்பியது. படிக்கிறேன்: "எங்கள் மணிக்கு 12 வயது ஆகிறது. நாட்டு நாய்தான். தீபாவளிக்கு வாசலிலேயே படுத்திருக்கும். பக்கத்தில் வெடி வெடித்தால்கூடக் காதை மட்டும் ஆட்டும். போன வருஷத்திலிருந்து எங்கேயோ தூரத்தில் ஒரு வெடி கேட்டாலும் உடம்பு நடுங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. வயசானால் இப்படித்தான் என்கிறார்கள். ஆடி வேறு வரப்போகிறது. மயக்க மாத்திரை ஏதாவது சொல்லுங்கள் டாக்டர்."

மாத்திரைக்கு அப்புறம் வருகிறேன், அம்மா. உங்கள் கேள்வியில் என் கண்ணில் படுவது ஒன்றுதான்: "போன வருஷத்திலிருந்து." குட்டியிலிருந்தே பயப்படுகிற நாய் வேறு. 10, 11 வயது வரைக்கும் அசையாமல் இருந்துவிட்டுப் புதிதாகப் பயப்பட ஆரம்பிக்கிற நாய் வேறு. இரண்டாவது வகையில் நான் முதலில் தேடுவது வலியைத்தான்.

வலிக்கும் வெடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். திடீரென்று சத்தம் கேட்டால் உடம்பு முழுக்க ஒரு கணம் வெட்டி இழுக்கும், நமக்கும் அப்படித்தான். இடுப்பு மூட்டோ முதுகெலும்போ தேய்ந்த நாய்க்கு அந்த இழுப்பிலேயே சுரீரென்று வலிக்கும். நாய்க்கு மூட்டுத் தேய்மானம் என்று தெரியுமா? சத்தம் வந்தது, வலித்தது. அவ்வளவுதான் அதற்குப் புரியும். நாலு தடவை இப்படி நடந்தால் சத்தத்தைக் கண்டாலே நடுங்கும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகமும் பிரேசில் ஆய்வாளர்களும் சேர்ந்து 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்கள். அதில் பாதிக்கு உடம்பில் வலி இருந்தது. அந்த வலி இருந்த நாய்களுக்குப் பயம் ஆரம்பித்தது மற்றவற்றைவிடச் சராசரியாக 4 வருஷம் தாமதமாக. சின்ன ஆய்வுதான். ஆனால் என் மேசைக்கு வருகிற கிழட்டு நாய்களைப் பார்க்கும்போது அது சொல்வது சரியாகத்தான் படுகிறது.

அதனால் இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். மணி தூங்கி எழுந்திருக்கிற நேரத்தில் போனில் வீடியோ எடுங்கள். முன்கால் இரண்டையும் ஊன்றி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு எழுகிறதா? படியில் கால் வைக்கும் முன் ஒரு நொடி நிற்கிறதா? டைல்ஸ் தரையில் திரும்பும்போது பின்னங்கால் வழுக்குகிறதா? கம்பத்தில் காலைத் தூக்கிச் சிறுநீர் விட்ட நாய் இப்போது தூக்காமலே விடுகிறதா? ஒரே மூட்டை ஓயாமல் நக்குகிறதா? இதெல்லாம் வீட்டில்தான் தெரியும். மருத்துவமனைக்கு வந்ததும் பதற்றத்தில் அது விறைப்பாக நடந்துவிடும், "நல்லாத்தானே நடக்குது" என்று எங்களையே ஏமாற்றிவிடும். வீடியோவை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரே, கூடவே சிறுநீரகம், கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை தேவைப்படும். பெரிய பரிசோதனை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தலைவாசல் கல்லூரி.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வலி என்றதும் வீட்டிலிருக்கிற மாத்திரையைத் தயிர்சாதத்தில் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், பாரசிட்டமால் எதுவும் வேண்டாம். குடலில் புண், சிறுநீரகம் கெடுவது, கல்லீரல் கெடுவது என்று வந்து நிற்கும். நாய்க்கான வலி மருந்து தனி, அளவும் தனி.

வலி தவிர வேறு காரணமும் இருக்கலாம். காது மந்தமானால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது. கண்ணில் புரை விழுந்திருந்தால் இன்னும் மோசம். ராத்திரி முழுக்க அலைவது, சுவரைப் பார்த்தபடி நிற்பது, பழகிய வீட்டிலேயே மூலையில் சிக்கிக்கொள்வது, இதெல்லாம் இருந்தால் மூளைத் தளர்ச்சியா என்றும் பார்க்க வேண்டும்.

சரி, ஆடிக்கு என்ன செய்வது? சேலத்துக்காரர்களுக்குத் தீபாவளி ஒருவிதத்தில் சுலபம், தேதி தெரியும். காலையில் 6 முதல் 7, மாலையில் 7 முதல் 8 என்று அரசே நேரம் வைத்திருக்கிறது, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது வேறு கதை. ஆடியில் கோட்டை மாரியம்மன், குகை, அம்மாப்பேட்டை என்று ஊர் முழுக்க ஒரே சமயத்தில் திருவிழா. எந்தத் தெருவில் எப்போது வெடிப்பார்கள் என்று சொல்ல முடியாது. சாவு ஊர்வல வெடிக்கு நேரமே கிடையாது. ஆனால் இடிச் சத்தத்துக்கும் மணி பயந்தால், கோரிமேட்டில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சேர்வராயன் மலைமேல் மேகம் கறுப்பது மொட்டைமாடியிலிருந்தே தெரியும். இடி இறங்குவதற்குள் மணியை ஒருதரம் வெளியே விட்டுக் கூட்டி வந்துவிடலாம்.

அது போய் மாட்டிக்கொள்கிற இடத்தை நல்ல இடமாக மாற்றுங்கள். வாஷிங் மெஷின் சந்தில் திரும்ப இடம் இருக்காது, இடுப்பு இன்னும் வலிக்கும். ஜன்னல் குறைந்த உள்ளறையில், வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டு, அதன்மேல் உங்கள் பழைய புடவையை மடித்து வையுங்கள். மின்விசிறியும் டிவியும் ஓடட்டும். கதவைப் பூட்டாதீர்கள். உடம்பைச் சுற்றித் துணி கட்டினால் சில நாய்கள் அமைதியாகும், ஆனால் நம்ம ஊர் வெயிலுக்குக் கிழட்டு நாயை இறுக்கிக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பயப்படும்போது தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகும் என்பார்கள். இல்லை. பயம் என்பது செல்லம் கொடுத்து வளர்கிற கெட்ட பழக்கம் கிடையாது. பக்கத்தில் வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் படுத்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி ஈரல் கொடுங்கள். சத்தம் முதலில், ஈரல் அப்புறம், வரிசை மாறக் கூடாது. வெளிநாட்டில் பட்டாசுப் பயம் பற்றி நாய் வளர்ப்பவர்களிடம் கேட்ட ஒரு கணக்கெடுப்பில், இப்படிச் செய்தவர்களில் 70 சதவீதம் பேர் பலன் இருந்தது என்றார்கள். நடுக்கத்தில் ஈரலையே தொடவில்லை என்றால் பயம் எல்லை மீறிவிட்டது, வெறும் பழக்கத்தால் ஆகாது என்று அர்த்தம்.

அப்போதுதான் நீங்கள் கேட்ட மாத்திரை. பழைய காலத்து மயக்க மருந்தான அசிப்ரொமசின் மட்டும் கொடுத்தால் உடம்பு தளர்ந்து நாய் அமைதியாகத் தெரியும், உள்ளே பயம் அப்படியே இருக்கும், ஓடவும் முடியாது. அதனால் நான் அதைத் தனியாக எழுதுவதில்லை. பதற்றத்தையே குறைக்கும் டிரசோடோன், காபாபென்டின் மாதிரி மருந்துகள் இருக்கின்றன. 12 வயது நாய்க்கு ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் அளவு சொல்ல முடியும், இந்தக் கேள்வி பதில் வீடியோவில் சொல்ல முடியாது. எந்த மருந்தானாலும் திருவிழாவுக்கு முன் அமைதியான ஒரு நாளில் கொடுத்துப் பாருங்கள். தள்ளாடுகிறதா, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று குறித்து டாக்டரிடம் சொன்னால் அளவைச் சரிசெய்யலாம். அதனால் ஆடி பிறக்கும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே கூட்டிப் போங்கள்.

அடுத்து, ஏற்காட்டிலிருந்து ஒருவர் பூனைக்கு உண்ணி பற்றிக் கேட்டிருக்கிறார்.