ஓநாயை மன்னித்தது யார்?

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வார்டு வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு எட்டாம் வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுத்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர் ஐயா அவர்களே, நாற்காலி போட்டதிலிருந்து மைக் பார்த்தது வரை எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்த நூலகர் அம்மா அவர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். மாமன்ற உறுப்பினருக்குத் தனியாக ஒரு நன்றி. போன மழையில் ஒழுகிய குழந்தைகள் பிரிவின் கூரை இந்த மழைக்கு ஒழுகவில்லை. அவர் முயற்சி அது. கைதட்டலாம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது 'ஃபேபிள்ஸ்' என்ற அமெரிக்க காமிக்ஸ் தொடர். கதை, படம், உரிமை என்று மூன்றைப் பற்றியும் சொல்கிறேன்.

பில் வில்லிங்ஹாம் எழுதிய இந்தத் தொடரை 2002இல் டிசி நிறுவனம் தன் வெர்டிகோ வரிசையில் தொடங்கியது. 2015இல் 150ஆவது இதழோடு நிறைவுற்றது. அப்புறம் 2022இல் மறுபடி எழுந்து 162 வரை போனது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று எந்த மேடையிலும் நான் சொல்வது உங்களுக்குத் தெரியும். தேவதைக் கதை என்றால் பிள்ளைகள் சமாச்சாரம் என்றிருந்த எண்ணத்தை இந்த மனிதர் இதழ் இதழாக நகர்த்தினார்.

நமக்குத் தெரிந்த பாத்திரங்கள்தான். ஸ்னோ ஒயிட், சிண்ட்ரெல்லா, பினோக்கியோ, தவளை இளவரசன். இவர்களுடைய நாடுகளை ஓர் எதிரி பிடித்துக்கொள்கிறான். தப்பியவர்கள் அகதிகளாக வந்து நியூயார்க்கில் ஒரு தெருவில் ரகசியமாக வாழ்கிறார்கள். மனித உருவம் எடுக்க முடியாதவர்களை, அதாவது பேசும் பன்றிகளையும் கரடிகளையும், ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் வைத்திருக்கிறார்கள். அங்கே பெரிய கலகமே வெடிக்கிறது. ஸ்னோ ஒயிட் துணை மேயர். ஊர் நிர்வாகம் முழுக்க அவர் தலையில். அழகு இளவரசன் என்று நாம் கேள்விப்பட்டவர் மூன்று கதைகளிலும் ஒரே ஆள்தான். ஸ்னோ ஒயிட், உறங்கும் அழகி, சிண்ட்ரெல்லா மூவரையும் கட்டி, மூவரையும் இழந்தவர். பினோக்கியோ நிஜப் பையனாக வேண்டும் என்று வரம் கேட்டான். தேவதை அதை அப்படியே கொடுத்துவிட்டாள். நூற்றாண்டுகள் போயும் பையனாகவே இருக்கிறான், வளரவே இல்லை. அந்தக் கோபம் இருக்கிறதே, படித்தால்தான் தெரியும்.

எல்லோரையும் விட எனக்குப் பிடித்தவர் பிக்பி. கெட்ட ஓநாய்தான் மனித உருவில் அந்த ஊரின் ஷெரீஃப், அதாவது காவல் அதிகாரி.

வைகை எக்ஸ்பிரஸில் ஒருமுறை மதுரையிலிருந்து சென்னைக்குப் போகிறேன். இந்தப் புத்தகம்தான் கையில். எதிரே ஒரு பாட்டி, திண்டுக்கல் வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் பொறுக்க முடியவில்லை. "ஏந்தம்பி, நரிக்கு எதுக்குக் கோட்டு மாட்டி விட்டுருக்காங்க?" என்றார். "நரி இல்ல பாட்டி, ஓநாய். சிவப்புத் தொப்பிப் பிள்ளையோட பாட்டியைத் தின்னுச்சே, அந்த ஓநாய்" என்றேன். "அது செத்துப்போச்சுல்ல?" "இல்ல பாட்டி, இங்க இது போலீசு." பாட்டி சீட்டை விட்டு முன்னால் நகர்ந்துவிட்டார். "பாட்டியைத் தின்னதையா போலீசாக்கி வச்சிருக்காங்க?"

சரி, விளக்க வேண்டுமே. அகதிகளாக வந்ததும் எல்லோரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், பழைய குற்றமெல்லாம் மன்னிப்பு என்று சொன்னேன். பக்கத்து சீட்டு மாப்பிள்ளை காதிலிருந்த வயரைக் கழற்றினார். ஜன்னலோரத்து அம்மா முறுக்குப் பொட்டலத்தை மூடினார். பாட்டி யோசித்துவிட்டுக் கேட்டார்: "எல்லாரும் மன்னிச்சாங்க, சரி. தின்னுபோட்ட அந்தப் பாட்டிகிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

பெட்டியே கப்சிப். அப்புறம் ஒரே வாதம். மாப்பிள்ளை ஓநாய் கட்சி. ஜன்னலோரத்து அம்மா பாட்டி கட்சி. டிக்கெட் பரிசோதகர் வந்து நின்று அவரும் ஒரு வார்த்தை சொன்னார். திருச்சி வந்ததே தெரியவில்லை. அந்தப் பாட்டி கேட்ட கேள்வியைத்தான் தொடரும் கேட்கிறது. மன்னிப்பு எழுதிக்கொடுத்த பிறகும் பிக்பியைப் பண்ணைக்குள் விடமாட்டார்கள். அவன் தின்ற இனத்தார் அங்கே இருக்கிறார்களே! ஷெரீஃபாக எத்தனை பேரைக் காப்பாற்றினாலும் அந்த வாசல் அவனுக்கு மூடித்தான் கிடக்கிறது.

இன்னொன்று. இந்த உலகத்தில் ஒரு பாத்திரத்தை மக்கள் எவ்வளவு நினைத்திருக்கிறார்களோ அவ்வளவுக்கு அதைக் கொல்வது கடினம். ஸ்னோ ஒயிட்டைத் தலையிலேயே சுடுகிறார்கள், பிழைத்துக்கொள்கிறாள். காரணம், அவள் கதையை உலகமே சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் சொல்லாமல் விட்ட கதைகளின் கதி? படித்த அன்று எனக்கு நம் நூலக அலமாரிதான் ஞாபகம் வந்தது.

படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இதழ்களை வரைந்தவர் மார்க் பக்கிங்ஹாம். பக்கத்தின் இரு ஓரத்திலும் இடத்துக்கு ஏற்ற அலங்காரக் கரை போடுவார். எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை அந்தக் கரையே சொல்லிவிடும். முதல் 81 அட்டைகள் ஜேம்ஸ் ஜீன் கைவண்ணம். மேஜையில் ஒரு தொகுதி வைத்திருக்கிறேன், கை துடைத்துவிட்டுப் புரட்டுங்கள்.

அது என் சொந்தக் காசில் வாங்கியது. ஏன் அப்படி? சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். 1948இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்டதும், 1984இல் லயன் காமிக்ஸ் வந்ததும் சிவகாசியிலிருந்து. இங்கே இருக்கும் பாதிப் பேர் எழுத்துக் கூட்டிப் படித்ததே அவற்றில்தான். ஆனால் நம் கிளையில் காமிக்ஸுக்கு ஓர் அடுக்குகூட இல்லை. மனு கொடுத்தால் "காமிக்ஸ் நூல் ஆகாது" என்று ஓர் அலுவலகத்தில் சொல்லி அனுப்பினார்கள். நூல் ஆகாதாம்! ரயில் பெட்டி முழுவதையும் நியாயம் பேச வைத்த புத்தகம் இது. மறுபடி எழுதினோம், மறுபடியும் எழுதுவோம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், அலமாரி நகராதா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஃபேபிள்ஸில் ரத்தமும் வயதுவந்தோர் விஷயமும் உண்டு. இதைச் சிறுவர் பிரிவில் வைக்கக் கேட்கவில்லை. பெரியவர்களுக்கு ஓர் அடுக்கு, சிறுவர்களுக்கு ஓர் அடுக்கு, தமிழ் காமிக்ஸுக்கு முதலிடம். கோரிக்கை அவ்வளவுதான்.

உரிமை பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். 2023இல் வில்லிங்ஹாம் இந்தத் தொடரைப் பொதுச் சொத்தாக, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்று அறிவித்ததும், டிசி அதை மறுத்ததும் தனிக் கூட்டத்துக்கான விஷயம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருடைய பொறுமைக்கு நன்றி. கையெழுத்துத் தாள் வாசல் மேஜையில், நூலகர் அம்மாவின் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயரோடு உறுப்பினர் எண்ணையும் எழுதுங்கள். எண் இல்லாவிட்டால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மாமன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.