வீட்டில் பார்த்தால்தான் படம் தெரியும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எனக்கு முன்னால் பேசிய அக்காவுக்கு மட்டும் விசில் அடித்துவிட்டு இப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முன்வரிசைத் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம். ஒரு படத்தைச் சரியாக எடைபோட உதவுவது தியேட்டரா, வீடா என்பது தலைப்பு. நான் வீட்டுக்காக வந்திருக்கிறேன்.

லப்பர் பந்து படத்தில் அட்டகத்தி தினேஷ் மட்டையோடு இறங்க, 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலிக்க, தியேட்டரே எழுந்து ஆடியதை அக்கா சொன்னார். உண்மை, நானும் ஆடினேன். மஞ்ஞும்மல் பாய்ஸில் குழிக்குள்ளிருந்து ஆளை மேலே தூக்கும்போது குணா பாட்டு வந்ததும் பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டார், நானும் விடுவிக்கவில்லை. ஆனால் எங்கே ஜாலி அதிகம் என்பதா தலைப்பு? எடைபோடுவது அல்லவா? அன்று நான் ஆடியது படத்துக்கா இளையராஜாவுக்கா என்று வெளியே வந்து டீ குடிக்கும்போதுகூட எனக்குத் தெரியாது. லப்பர் பந்தை வீட்டில் மறுபடி பார்த்தபோதுதான் தினேஷின் மனைவியாக வரும் சுவாசிகா கண்ணில் பட்டார். புருஷன் கிரிக்கெட்டே கதி என்று கிடப்பதைப் பொறுத்துப் பொறுத்து வெடிக்கிற அந்த மனைவியின் கோபம், தியேட்டர் விசிலில் எனக்குக் கேட்கவே இல்லை.

மெய்யழகனுக்கு வருகிறேன். அது 2024 செப்டம்பர் கடைசியில் வந்தது. நான் போனது செகண்ட் ஷோ, கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம், சாப்பிடாமல் வேறு போயிருந்தேன். இடைவேளைக்குப் பிறகு கார்த்தி பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார், எனக்கோ கடைசி பஸ் கண்ணுக்குள் ஓடுகிறது. தன்னை விழுந்து விழுந்து உபசரிக்கும் சொந்தக்காரர் கார்த்தியின் பெயர் தெரியாமல் அரவிந்த்சாமி தவிக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அண்ணே, பேரைச் சொல்லிட்டா நாங்க வீட்டுக்குப் போயிருவோம்ணே!" தியேட்டரே சிரித்தது, நானும் சிரித்தேன். இரவு ஒரு மணிக்கு வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் 'செம இழுவை' என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன். என்னைப் போலப் பல நீதிபதிகள் இருந்திருப்பார்கள் போல, வெளியான சில நாளிலேயே படத்தில் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள்.

அப்புறம் அது நெட்ஃபிளிக்ஸில் வந்தது, அம்மாவோடு பார்த்தேன். ஆரம்பத்தில் 1996-இல் அரவிந்த்சாமியின் குடும்பம் தஞ்சாவூர் வீட்டை விட்டுக் கிளம்புகிறது இல்லையா, அங்கே அம்மா ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டார். "எங்க வீட்டுக் கதவு நிலையில தாத்தா எங்க உசரத்தைக் கரியால கோடு போட்டு வச்சிருந்தாருடா. வித்தப்போ அதைப் பார்க்காமலே வந்துட்டேன்." நாற்பது வருடமாக எனக்குச் சொல்லாத விஷயம். டிவியில் காட்சி உறைந்து நிற்க, அம்மா பத்து நிமிடம் பேசினார். இதைத் தியேட்டரில் செய்ய முடியுமா நடுவரே? பின்வரிசை விட்டுவிடுமா?

அந்தப் பெயர் தெரியாத விஷயமும் இந்தத் தடவை எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் ஊர்த் திருவிழாவில் ஒருத்தர் "என்ன மாப்ளே" என்று தோளில் கைபோட்டுக் கறிச்சோறு வாங்கிக் கொடுத்தார், இன்றைக்கு வரை அவர் யாரென்று எனக்குத் தெரியாது. இழுவை என்று நான் குரூப்பில் எழுதியது என் பசியைப் பற்றி. படத்தைப் பற்றி இல்லை.

கொட்டுக்காளியும் இப்படித்தான். பின்னணி இசையே இல்லாத படம். தியேட்டரில் இசை இல்லாத இடத்தை நிரப்பத்தான் பாப்கார்ன் கவர் இருக்கிறதே! வீட்டில் ஃபேனையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் அந்த ஆட்டோ உறுமுவதும் சேவல் சிறகடிப்பதும்தான் இசை என்று புரிகிறது.

வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், பாதியில் போனை நோண்டுவீர்கள் என்றார் எதிரணி அண்ணன். சரி, நோண்டுவேன். ஆனால் தவறவிட்டதைப் பின்னால் ஓட்டிப் பார்ப்பேன். மகாராஜாவை அப்படித்தான் பார்த்தேன், முடிந்ததும் முதல் காட்சிக்கே போய், எது எந்த வருடத்தில் நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்தபோதுதான் அந்தத் திரைக்கதையை எவ்வளவு கவனமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. இன்னும் பார்க்காதவர்கள் இருப்பீர்கள், அதனால் மேலே சொல்லவில்லை. தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்த புண்ணியவான் இந்த மரியாதையை எனக்குத் தரவில்லை, இரண்டாம் தடவை வந்திருக்கிறார், இடைவேளையிலேயே முழுக்கதையையும் போட்டு உடைத்துவிட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒன்றே ஒன்று. மேடை ஏறுவதற்கு முன் சாப்பிடும்போது இதே அக்கா என்னிடம், "தம்பி, சமீபத்துல என்னை உலுக்கின படம்னா ஜெய் பீம்தான், மூணு தடவை பார்த்தேன்" என்றார். 2021 நவம்பரில் நேராக அமேசான் பிரைமில் வந்த படம் அது. எந்தத் தியேட்டரில் பார்த்தார் என்று எனக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தது. நடுவரே, நீங்கள் கேளுங்கள்.